திருத்தணி எருமையும் உன் அப்பாவின் வயலும்

மகனே விமல்,

இது நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். நீ மறந்திருந்தாலும், ஒரகடம் கூட்டுரோட்டில் டீ குடிக்கிற அத்தனை பேரும் சாட்சி. இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்கள் கைகுலுக்குவதற்கு முன்பு, அந்த ஒப்பந்தத்துக்குப் பேனாவில் மை ஊற்றுவதற்கு முன்பு, ஷிப்ட் வேன் ஓட்டுகிற எட்டாம் வகுப்புக்காரன் ஒருவன் ஒரு கையில் ஸ்டியரிங்கும் இன்னொரு கையில் பன்னுமாகச் சொன்னான்: "பாத்துக்கினே இரு. உங்கப்பா எங்கியும் போவ வேணாம். அவரு வயலைத் தேடிக்கினு இந்தியாவே வரும்." வந்துவிட்டது. எட்டாம் வகுப்பு என்றேனே, அதிலும் பாதிதான். மீதிப் பாதியை இந்த ரோட்டில் படித்தேன். புத்தகத்தில் படித்தவர்கள் யாரும் உனக்கு இதைச் சொல்லவில்லை, கவனித்தாயா?

நேற்று உன்னைச் சென்ட்ரலில் ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பூந்தமல்லி தாண்டியதும் என் வீட்டுக்காரி, அதாவது உன் காக்கீமா, என் பக்கம் திரும்பினாள். பிறகு, "லெட்டராவே எழுதிடு. போன்ல நீ பேசினா அந்தப் புள்ள ஒரு வார்த்த பேச முடியாது" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். நீ தமிழைப் பஸ் போர்டு பார்த்துப் படித்தவன், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். அவசரப்படாதே, உன் ரயில் ஊர் போய்ச் சேரவே இன்னும் நேரம் இருக்கிறது. இன்னொன்று: இந்தக் கடிதத்தை நகல் எடுத்துக் கூட்டுரோட்டு டீக்கடைச் சுவரில் ஒட்டப் போகிறேன். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். எனவே உனக்குத் தெரிந்த விஷயத்தையே உனக்குத் திருப்பிச் சொல்லுவேன். பொறுத்துக்கொள்.

நீ வந்தது 2007-ல். அப்போது ஒரகடம் பாதி வயல், பாதி பள்ளம். ஏரி வண்டலில் மாடு மேய்ந்துகொண்டிருந்த இடத்தில் கம்பி வேலி போட்டு, வேலிக்கு உள்ளே விமானமே இறங்கலாம் போல ஒரு தரை போட்டார்கள். அந்தத் தரையைப் பார்க்க நான் வேனை நிறுத்துவேன். ஒரு பொங்கலுக்கும் அடுத்த பொங்கலுக்கும் நடுவில் அங்கே கூரை வந்தது, விளக்கு வந்தது, கொரியாக்காரனும் ஜப்பான்காரனும் வந்தார்கள், படப்பையிலிருந்து வாலாஜாபாத் வரைக்கும் வாடகை வீட்டு போர்டு வந்தது. மதுரை, ராமநாதபுரம், விருதுநகர்ப் பையன்கள் பெட்டியோடு இறங்கினார்கள். நானும் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டினேன், அதில் ஒன்றில்தான் நீ தங்கினாய். என் வீடு ஓர் அடிகூட நகரவில்லை. ஆனால் என் கல்யாணப் பத்திரிகையில் செங்கல்பட்டு மாவட்டம் என்று போட்டிருக்கும், ரேஷன் கார்டில் காஞ்சிபுரம் மாவட்டம். முன்பு நான் உள்ளூர்க்காரன். இப்போது கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி என்னைப் பார்த்து, "யாரு நீ, எங்கேந்து வர்ற?" என்கிறான். நான் பிறந்த புஞ்சையில் நின்றுகொண்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் உன் கதை எனக்கு உடனே புரிந்தது. மற்றவர்களுக்கு வரைபடம் வேண்டியிருந்தது, எனக்கு வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள் நீ வேனில் ஏறிப் பேர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "பிமல்" என்றாய். "எழுத்து தப்பு, விமல்" என்று திருத்தி என் நோட்டில் எழுதிக்கொண்டேன். நீ சிரித்தாய். ஊர் கேட்டதற்குக் கூச் பிகார் என்றாய். வங்காளத்தின் மேல்கோடி, இமயமலைக்குக் கொஞ்சம் கீழே. நான் உடனே, "தெரியுமே, போயிருக்கேன்" என்றேன். போனதில்லை, அது உனக்கும் தெரிந்திருக்கும். மறுநாள் நீ என்னைக் "காக்கா" என்று கூப்பிட்டாய். வேனே சிரித்தது. பின் சீட்டிலிருந்த முத்து, அந்த விருதுநகர்ப் பையன், "ஏலே, அவரு கறுப்புதான், அதுக்காக மூஞ்சிக்கு நேரா காக்கான்னா கூப்பிடுவ?" என்றான். உங்கள் பாஷையில் காக்கா என்றால் சித்தப்பா என்று தெரிந்த பிறகும் ஊர் விடவில்லை. இன்றைக்கும் என் வேன் வந்தால் "காக்கா வண்டி வந்துட்சி" என்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான். பிள்ளை இல்லாத வீட்டில் ஒருவன் வந்து உறவு வைத்துக் கூப்பிட்டால், அது எந்தப் பறவையாக இருந்தால் என்ன?

உன் ரகசியம் வெளியே வந்த நாளைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதம் நிறையாது. இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் கம்பெனியிலிருந்து போன்: உன் அப்பா இறந்துவிட்டார், வந்து அழைத்துப் போங்கள் என்று. உன் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன், நீ வேலை செய்கிற லைனுக்கே வந்து, உன்னிடம் மளிகைக் கடை ஹரிபாபு செத்துப்போனார் என்று சொல்லியிருக்கிறான். அது காதில் விழுந்து சூப்பர்வைசர் உன் ரெக்கார்டைப் பார்த்திருக்கிறார். அப்பா பேர்: ஹரி. உடனே லீவு. நீ வேனில் ஏறும்போது முகம் வாடித்தான் இருந்தது. அழவில்லை. தகப்பன் போன அதிர்ச்சி என்று நினைத்தேன். ரயிலில் போனால் நாலு நாள், எல்லாம் முடிந்திருக்கும். இந்த மாதிரி நேரத்தில் ஊருக்கே நான்தான் முன்னால் நிற்பவன் என்று உனக்குத் தெரியும். நேராக ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனேன். நாவிதரை வரவழைத்து மொட்டை அடித்தேன். தண்ணீரில் முங்க வைத்தேன். எள்ளும் தண்ணீரும் விடவைத்தேன். நான் சொன்னபடி எல்லாம் நீ செய்தாய். "இன்னா அடக்கமான புள்ள" என்று நாவிதரே சொன்னார்.

வீட்டுக்கு வந்து நீ ஈரத் தலையோடு உட்கார்ந்திருக்கும்போது உன் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். ஒரு வயதான குரல், சந்தோஷமாக, நிறுத்தாமல் பேசியது. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை.

"யார்ரா லைன்ல?"

"அப்பா."

"எந்த அப்பா?"

"எனக்கு ஒரே அப்பாதான் காக்கா. செத்தவரு வேற."

அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. உன் காக்கீமா வந்தாள். "அடப்பாவி மனுசா. உயிரோட கீற தகப்பனுக்கு மொட்ட அடிச்சி, எள்ளு தண்ணி வுட வச்சிக்கினு வந்துகிறியே. உனுக்கு புத்தின்னு ஒண்ணு கீதா? அந்த மனுசன் அங்க நல்லா துன்னுகினு இருக்காரு." உப்பும் மிளகாயும் எடுத்து உனக்கும், அந்தப் போனுக்கும் சேர்த்துச் சுற்றிப் போட்டாள். போனில் உன் அப்பா இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

பிறகுதான் நீ சொன்னாய். சோறு போட்டு, நடுவில் குழி பண்ணிக் குழம்பு ஊற்றியிருந்தாள். நீ தட்டை எங்கள் பக்கம் தள்ளினாய். "இந்தச் சோறு பூரா இந்தியா. நடுவுல இந்தக் குழம்பு இருக்கு பாருங்க, இது பங்களாதேஷ். எங்க ஊரு குழம்புக்குள்ள." அப்படியும் உண்டா என்று நான் வாய் பிளந்தது உண்மை, அதை மறைக்க மாட்டேன். ராஜாக்கள் காலத்தில் இவன் நிலம் அவனிடமும் அவன் நிலம் இவனிடமும் துண்டு துண்டாகக் கிடந்ததாம். வெள்ளைக்காரன் கோடு கிழித்துவிட்டுப் போனபோது அந்தத் துண்டுகள் அப்படியே மாட்டிக்கொண்டன. சுற்றிலும் இந்தியா, நடுவில் உங்கள் ஊர் மட்டும் வேறு தேசம். அந்தத் தேசத்துக்குப் போக இந்தியாவைத் தாண்ட வேண்டும், தாண்ட உனக்கு அனுமதி கிடையாது. கரண்டு கம்பி உங்கள் ஊர் மேலே போகும், இறங்காது. போலீஸ் வராது, டாக்டர் வரமாட்டார், பள்ளிக்கூடம் கிடையாது. உன் அப்பா உழுகிற வயலின் வரப்பைத் தாண்டினால் வெளிநாடு. காலையில் மாடு வரப்பைத் தாண்டி மேய்ந்துவிட்டு வரும், அதற்குப் பாஸ்போர்ட் இல்லை. மனிதனுக்குத்தான் எல்லாம். நான் எத்தனையோ கதை விட்டிருக்கிறேன் மகனே. இப்படி ஒன்றை விடுகிற தைரியம் எனக்கு வந்ததில்லை.

பள்ளிக்கூடம் சேர வேண்டுமானால் இந்தியாக்காரர் ஒருவர் தகப்பனாக வேண்டும். அதற்காக உங்கள் ஊரில் அப்பாவை இரவல் வாங்குவார்கள் என்று நீ சொன்னபோது காக்கீமா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பக்கத்து ஊர் மளிகைக் கடை ஹரிபாபு யார் வந்து கேட்டாலும் தன் பேரைக் கொடுப்பார். காகிதத்தில் உங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் பிள்ளைகள். வீட்டில் அவருக்கு இருந்தது இரண்டு பெண் குழந்தைகள் மட்டும்.

"மொட்ட வேணாம்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடா?" என்று கேட்டேன்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன் காக்கா. அப்புறம் யோசிச்சேன். எங்க ஊர்ல இத்தன பேருக்கு அவரு அப்பா. யாரும் வெளிய வந்து மொட்ட போட முடியாது, ஒரு ஆளுக்கு இத்தன புள்ளையான்னு மாட்டிக்குவாங்க. ஒருத்தனாவது போடட்டுமேன்னு."

அன்று ராஜா மாதிரி ஏரிக்கரையில் நின்று கட்டளை போட்டவன் நான். விவரம் தெரிந்து காரியம் செய்தவன் நீ.

அப்போதுதான் நான் உனக்குத் திருத்தணிக் கதையைச் சொன்னேன். டீக்கடைச் சுவரில் படிக்கிறவர்களுக்காக இன்னொரு தடவை. நம் திருத்தணி ஒரு காலத்தில் ஆந்திராவில் இருந்தது. முருகன் அதே மலையில்தான் இருந்தார், அடிவாரம் மட்டும் ஆந்திரா. பிறகு போராட்டம் நடந்து, பேச்சு நடந்து, இந்தப் பக்கம் வந்தது. அங்கே பக்கத்தில் ஒரு சின்ன ஊரில்தான் எங்கள் அப்பா இருந்தார். ஒரு எருமை வைத்திருந்தார். மாறின அன்று அந்த எருமை காலையில் கறந்த பால் ஆந்திரப் பால், சாயங்காலம் கறந்தது மதராஸ் பால். அதே எருமை, அதே சொம்பு. எருமை காதைக்கூட ஆட்டவில்லை. அதற்கு முன்பு ஆள் கணக்கு எடுக்க அதிகாரி வந்தார். எல்லாரும் அவரவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று தண்டோரா. எங்கள் அப்பா புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டே ஓடி வந்து எங்கள் தாத்தா பக்கத்தில் நின்றார். அதிகாரி எழுதிக்கொண்டார். அடுத்த வீட்டுக்காரர் சந்தைக்குப் போயிருந்தார், எழுதவில்லை. பிற்பாடு அந்த மனிதர் எந்த ஊர்க்காரர் என்று அவருக்கே சொல்லத் தெரியாமல் கடைசிவரை அலைந்தார். "கோடு வரும்போது ஆளு வூட்ல இருக்கணும்டா" என்று எங்கள் அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார்.

நான் இதைச் சொல்லும்போதெல்லாம் உன் காக்கீமா எழுந்து அடுப்படிக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டுவாள். நீ மட்டும் கண் கொட்டாமல் கேட்பாய். "எருமைக்கு ஒண்ணும் தெரியலையா காக்கா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாய். "தெரியாதுடா. நிலத்துக்குக்கூடத் தெரியாது. நமக்குத்தான் தெரியும்" என்பேன். அந்தக் கதையை நீ போனில் உன் அப்பாவுக்குச் சொன்னாய். அவர் ஊருக்குச் சொன்னார். அரிசி மிஷினில், அறுவடையில், கல்யாணத்தில் எல்லாம் உங்கள் ஊர்க்காரர்கள் திருத்தணி எருமையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நீ வந்து சொன்ன அன்று நான் வேனை இரண்டு கியர் கூட்டி ஓட்டினேன்.

2011 வந்தது. உனக்கு நல்ல காலம் என்றுதான் எல்லாரும் சொன்னோம். கம்பெனியில் உன்னையும் முத்துவையும் வெளிநாட்டுக்கு ட்ரெய்னிங் அனுப்பத் தேர்வு செய்தார்கள். போய் வந்தால் பர்மனென்ட். பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், அதில் அப்பா பேர் ஹரி என்று வரும். அதே நேரம் உன் அப்பாவிடமிருந்து போன். இரண்டு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து உங்கள் ஊருக்குத் தலைக்கணக்கு எடுக்க வரப் போகிறார்கள். ஊரில் இருக்கிறவர்களைத்தான் எழுதுவார்கள் என்று பேச்சு. போனால் ட்ரெய்னிங் போச்சு. போகாவிட்டால் நீ காலத்துக்கும் மளிகைக் கடைக்காரர் மகன்.

வேனை வல்லம் பக்கம் ஓரமாக நிறுத்திவிட்டு நாம் மூன்று பேரும் பேசினோம். உன் கதை முழுக்கத் தெரிந்த முத்து கோபமாக இருந்தான். "ஏலே, கூறு இருக்கா ஒனக்கு? எத்தன தடவ இந்த மாதிரி வந்து எழுதிட்டுப் போயிருக்கான்? ஒண்ணும் நடக்கல. ஒங்கய்யா பேரு மனசுல இருந்தாப் போதாதா? பாஸ்போர்ட்டுல என்ன எழுதுனா என்ன? சோறு முக்கியமா பேரு முக்கியமா?"

நீ முத்துவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாய். "காக்கா, உங்க அப்பா ஓடி வந்து நின்னாரு இல்ல? நிக்கலைன்னா என்ன ஆயிருக்கும்?"

மகனே, அந்த இடத்தில் நான் இறங்கி டயரைத் தட்டிப் பார்த்தேன். டயர் நன்றாகத்தான் இருந்தது. "இன்னா ஆயிருக்கும்? நாங்க இன்னிக்கி இல்ல. கிளம்பு. போயி உங்கப்பா பக்கத்துல நில்லு. கோடு வரும், நான் சொல்றேன்" என்றேன். முத்து என்னை ஒரு பார்வை பார்த்தான். நீ அன்றே கிளம்பினாய்.

நீ திரும்பி வந்தபோது உன் இடத்தில் வேறு பையன். கான்ட்ராக்டர் உன்னைப் பேக்கிங்கில் போட்டார், கன்டெய்னரில் பெட்டி ஏற்றுகிற வேலை. முத்து ட்ரெய்னிங் முடித்து வந்தான், பர்மனென்ட் ஆனான், பைக் வாங்கினான், படப்பையில் மனை பார்த்தான். நல்ல பையன், உன்னிடம் ஒரு நாளும் பெருமை அடித்ததில்லை. நீயும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் வேனில் ஏறும்போது, "என்ன காக்கா, கோடு எங்க வந்துட்டு இருக்கு?" என்று மட்டும் கேட்பாய். "வந்துக்கினே கீது, சுங்குவார்சத்திரம் தாண்டிட்சி" என்பேன். வேன் சிரிக்கும். நான் கண்ணாடியில் உன் தோளைப் பார்ப்பேன். பெட்டி தூக்கித் தூக்கி ஒரு பக்கம் இறங்கியிருக்கும். உன் காக்கீமா என்னிடம், "உன் வாயி சும்மா இருந்திருந்தா அந்தப் புள்ள இன்னிக்கி நாற்காலில குந்தியிருக்கும்" என்றாள். ஒரு தடவைதான் சொன்னாள். அது போதுமானதாக இருந்தது. அந்த வருஷங்களில் வேனை எடுக்கும்போது நான் சாமியிடம் வேறு எதுவும் கேட்டதில்லை. அந்தக் கோட்டைக் கொஞ்சம் தள்ளு என்றுதான் கேட்டேன். எல்லாச் சாமியிடமும் கேட்டேன். திருத்தணிக்காரரிடம் கேட்க மட்டும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இந்த வருஷம், 2015 கத்திரி வெயிலில் டீக்கடை டிவியில் செய்தி வந்தது. துண்டு நிலங்களை மாற்றிக்கொள்ளப் போகிறார்கள், சட்டம் பாஸ் ஆகிவிட்டது. டீக்கடைக்காரர் சத்தத்தைக் கூட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அவர் பயந்து, "காக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். பிறகு அதிகாரிகள் உங்கள் ஊருக்கு மறுபடியும் வந்தார்கள். பழைய தலைக்கணக்கைப் பிரித்து, அதில் இருக்கிற பேரைக் கூப்பிட்டு, எந்த நாடு வேண்டும் என்று கேட்டார்கள். யோசித்துப் பார். நிலத்தில் நிற்கிற குடியானவனைப் பார்த்து ஒரு தேசம், 'நான் வேண்டுமா?' என்று கேட்கிறது. எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது. வேலைக்குப் போயிருந்து அன்றைக்கு எழுதப்படாதவர்கள் பேரைத் தேடி அழுதார்கள் என்று உன் அப்பா சொன்னார். உன் பேர் உன் அப்பா பேருக்கு அடுத்து இருந்தது. நீ புல்லுக்கட்டு இல்லாமல் ஓடிப் போய் நின்றதனால்.

ஜூலை முடிந்து ஆகஸ்ட் பிறந்த அந்தச் சனிக்கிழமை காலை ஷிப்டில் வேன் நிறைய ஆள். உன் அப்பா போன் பண்ணினார். "ஸ்பீக்கர்ல போடுடா" என்றேன். வேனை நிறுத்தினேன். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். "போய்யா, இங்க ஒரு ஊரு நாடு மாறிக்கினு கீது, உனுக்கு அவசரமா?" என்றேன். அவன் ஒன்றும் புரியாமல் சுற்றிக்கொண்டு போனான். உன் அப்பா பேச, நீ அதை அப்படியே தமிழில் சொன்னாய்: ராத்திரி கொடி ஏற்றினார்கள். விடிந்ததும் வயலுக்கு வந்தேன். வரப்பு அதே வரப்பு, தண்ணீர் அதே தண்ணீர். வரப்பில் காலை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். பயம் வரவில்லை. இத்தனை வருஷம் அந்த இடத்தில் கால் கூசும், இன்றைக்குக் கூசவில்லை. வேறு ஒன்றும் மாறவில்லை.

பைக்கை விட்டுவிட்டு அன்று வேண்டுமென்றே வேனில் வந்த முத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் வெளியே பார்த்தேன். சாலைக்கு இரண்டு பக்கமும் கூரை கூரையாக ஷெட், அதற்கு மேலே வெளுப்பான வானம். எங்கேயோ ஒரு வயலில் ஒரு மனிதர் ஒரு காலைத் தூக்கி வைக்கிறார், தேசம் மாறியிருக்கிறது, தூசி பறக்கவில்லை, மண் பிளக்கவில்லை, ஒரு கொக்கு எழுந்து பறக்கவில்லை. உலகத்திலேயே பெரிய காரியம் இவ்வளவு சத்தமில்லாமல் நடக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் ஒரு டயர் மாற்றினாலே ஊரைக் கூட்டுகிறவன்.

அன்று சாப்பாட்டில் காக்கீமா வழக்கம்போலக் குழி பண்ணிக் குழம்பு ஊற்றினாள். நீ குழியைக் கலைத்தாய். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் பிசைந்தாய். நாங்கள் இரண்டு பேரும் உன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது ஊருக்குப் போயிருக்கிறாய், வோட்டர் அட்டைக்கும் மற்றதற்கும். அப்பனாக நாலு வார்த்தை சொல்கிறேன், கேட்டுக்கொள். அதிகாரி அப்பா பேர் கேட்டால் சத்தமாகச் சொல்லு. முணுமுணுக்கிற பழக்கம் உனக்கு உண்டு, அது இரவல் பேர் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம், விட்டுவிடு. முதல் வேலையாக ஹரிபாபு வீட்டுக்குப் போ. அந்த இரண்டு பெண்களையும் பார்த்து, நான் அவருக்கு மொட்டை போட்டேன் என்று சொல்லு. இனிமேல் ஒளிக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கம் பங்களாதேஷுக்குள் மாட்டியிருந்த நம் துண்டுகளிலிருந்து மூட்டை முடிச்சோடு இந்தியாவுக்கு வருகிறவர்களும் இருப்பார்கள். இவர்கள் யார் என்று ஊர் கேட்கும். நீ கேட்காதே. கணக்கில் விட்டுப்போனவர்களுக்கு எழுதிக் கொடுக்க, கூடப் போக, அலைய நீ முன்னால் நில். நாடு கிடைத்துவிட்டது என்று கதவைச் சாத்திக்கொள்ளாதே. இன்றைக்கு இங்கே கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி நேற்று வரைக்கும் வெளியூர்க்காரன்தான். திரும்பி வருவதும் அங்கேயே இருப்பதும் உன் இஷ்டம். உன் அறையை வாடகைக்கு விடமாட்டேன் என்று காக்கீமா சொல்லிவிட்டாள். நான் விடலாம் என்றுதான் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

இப்படிக்கு, எல்லாவற்றையும் முன்பே சொன்ன
உன் காக்கா

பின்குறிப்பு: இந்தத் தாளை மட்டும் டீக்கடையில் ஒட்ட மாட்டேன். நீயும் படித்துவிட்டு உள்ளே வைத்துக்கொள்.

ரயில் கிளம்பும்போது ஜன்னல் வழியாக நீ சொன்னாயே, அப்பா போன வருஷம் ஒரு எருமை வாங்கினார், இந்தச் சித்திரையில் அது கன்று போட்டது, அந்தக் கன்றுக்குத் திருத்தணி என்று பேர் வைத்திருக்கிறார் என்று. அவர் வாயில் அது "திருதோனி" என்று வருகிறதாம். நான் கையாட்டிச் சிரித்தேன். பிறகு பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். காக்கீமா தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். "எழுதிடு" என்று அவள் சொன்னது இதைத்தான்.

திருத்தணி ஆந்திராவில் இருந்ததும் இந்தப் பக்கம் வந்ததும் சத்தியம். யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள். ஆனால் எங்கள் அப்பா அங்கே இருந்ததில்லை. அவர் பிறந்தது, உழுதது, போய்ச் சேர்ந்தது எல்லாம் இந்த ஏரிக்குக் கீழே. ஒரே ஒரு தடவை ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏறினார், முட்டி வலிக்கிறது என்று அன்றே திரும்பிவிட்டார். வாசலில் ஆளை நிறுத்திக் கணக்கெடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. புல்லுக்கட்டு, தண்டோரா, சந்தைக்குப் போன அடுத்த வீட்டுக்காரர் எல்லாம், மொட்டைத் தலையோடு நீ தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அந்த நேரத்தில் என் வாயில் வந்தவை. உன் காக்கீமா அடுப்படிக்கு ஓடியது சிரிப்பை அடக்க. 2011-க்குப் பிறகு சிரிப்பதற்காகப் போகவில்லை.

உன் அப்பாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் பொறுப்பு. ஆனால் அந்தக் கன்று ஒரு நாட்டில் பிறந்து, இடம் மாறாமல், இன்னொரு நாட்டுப் புல்லைத் தின்கிறது. அதை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. நன்றாகத் தீனி போடச் சொல். எங்கள் அப்பா எருமை வளர்த்ததே இல்லையடா. நம் குடும்பத்துக்கு அதுதான் முதல் எருமை.